நடந்தும் குறையாத எடை

சாப்பாட்டை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் நிறுவனமும் கலோரியை எண்ணிச் சொல்லும் செயலியும் பிறந்த ஊர் பெங்களூர். இளைக்கப் பூங்காக்கள், பெருக்க ஹோட்டல்கள் என்று இரண்டும் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. ஜெயிப்பது எது என்பது தட்டில்தான் முடிவாகிறது.

காலை ஆறு மணிக்கு லால்பாக்கில் நெரிசல் தொடங்கிவிடுகிறது. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய இந்தத் தோட்டம் இன்று 240 ஏக்கர். ஆனாலும் அந்த நேரத்தில் பாதைகள் போதுவதில்லை. மஃப்ளர் சுற்றிய ஓய்வுபெற்ற அதிகாரிகள், புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்ட மாமிகள், காதில் பாட்டைச் செருகிக்கொண்ட மென்பொருள் இளைஞர்கள் என்று எல்லோரும் கைவீசி நடக்கிறார்கள். மழை தூறினாலும் வருகிறார்கள்.

ஏழரை மணிக்கு அவர்களில் ஒரு பகுதியினரை வேறு இடத்தில் பார்க்கலாம். 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். அதே லால்பாக் சாலையில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததால் ரவா இட்லியைக் கண்டுபிடித்த ஹோட்டல் இது. சற்றுத் தள்ளி காந்தி பஜாரில் 1943 முதல் மசால் தோசைக்குப் பெயர்போன வித்யார்த்தி பவன். நடுவில் தெருவுக்குத் தெரு தர்ஷினிகள். நின்றபடியே சாப்பிடலாம், ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 250 கலோரி. அதிலும் 70 கலோரி அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும். நடைக்கென்று செலவானது 180தான். வெண்ணெய் மிதக்கும் ஹோட்டல் மசால் தோசை ஒன்று 350 முதல் 400 கலோரி. சர்க்கரை போட்ட காபி இன்னொரு 80. நடந்ததற்குப் பரிசாகச் சாப்பிட்டவர், நடக்காமல் வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டவரை விட எடையில் முந்திவிடுவார்.

அப்படியானால் நடையை நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது. நடை செய்யும் வேலை வேறு, தட்டு செய்யும் வேலை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வருடக்கணக்காக நடந்தும் பேன்ட் சைஸ் குறையவில்லை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு கடைகள், ஒரே ஊர்

பெங்களூரைப் போல இந்த முரண்பாட்டை வியாபாரமாக்கிய ஊர் இந்தியாவில் வேறில்லை. சாப்பிட்டதைப் பதிவு செய்து கலோரி சொல்லும் ஹெல்த்திஃபைமீ இங்கே 2012இல் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 2014இல், கோரமங்களாவில் ஸ்விக்கி பிறந்தது. மீண்டும் இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016இல், உடற்பயிற்சிக் கூடங்களை நடத்தும் க்யூர்ஃபிட். ஒரே கைபேசித் திரையில் பக்கத்துப் பக்கத்தில் பிரியாணியும் கலோரிக் கணக்கும் உடற்பயிற்சி வகுப்பும். எதைத் தொடுவது என்பது பசியைப் பொறுத்தது, நேரத்தைப் பொறுத்தது. இரவு பதினொரு மணிக்கு எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்களும் அதையே சொல்கின்றன. 2015-16இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் கர்நாடகத்தில் கூடுதல் எடை கொண்ட பெண்கள் 23.3 சதவிகிதம். 2019-21இல் அது 30.1 சதவிகிதமானது. ஆண்களும் 22.1 சதவிகிதத்திலிருந்து 30.9க்கு ஏறிவிட்டார்கள். தமிழ்நாடு இன்னும் மோசம். அங்கே பெண்களில் 40.4 சதவிகிதம் பேர், ஆண்களில் 37 சதவிகிதம் பேர். நாடு முழுவதற்குமான சராசரி 24 சதவிகிதத்தைத் தாண்டவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் தெற்கின் நிலைமை புரியும்.

இதன் விலை அழகில் மட்டும் வெளிப்படுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர், அந்த வாசலில் நிற்பவர்கள் இன்னொரு 13.6 கோடி பேர் என்று மதிப்பிட்டது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்கள் 39.5 சதவிகிதம். அதாவது, ஐந்தில் இரண்டு பேர்.

ஒல்லிக்குள் ஒளிந்த கொழுப்பு

இந்தியர்களின் உடல் ஏன் இப்படித் தடுமாறுகிறது? 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு புகைப்படம் இதற்கு எளிமையான பதில் தந்தது. புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் சகாவான யுட்கினும் அருகருகே நின்றார்கள். இருவருடைய உடல் எடைக் குறியீடும், அதாவது உயரத்துக்கேற்ற எடையின் அளவும், அச்சு அசலாக ஒன்றே: 22.3. ஆனால் கருவியில் சோதித்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவிகிதம். வெளியே ஒல்லி, உள்ளே குண்டு. அதே எடையில் இந்தியருக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் தொடையில் தங்காமல் வயிற்றில், கல்லீரலைச் சுற்றித் தங்குகிறது.

இதனால்தான் மேல்நாட்டு அளவுகோல் நமக்கு ஒத்துவருவதில்லை. அங்கே குறியீடு 25ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 30ஐத் தாண்டினால் பருமன். இந்திய மருத்துவர்கள் 2009இல் வகுத்த வரையறைப்படி 23லேயே எச்சரிக்கை மணி அடித்துவிடும், 25இல் பருமன் தொடங்கிவிடும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது சுமார் 63 கிலோ, 25 என்பது 68 கிலோ. இந்த உயரத்தில் 70 கிலோ இருந்துகொண்டு, 'நான் என்ன குண்டா?' என்று கேட்பவர்கள் ஏராளம்.

எடை மெஷினை விட நம்பகமான கருவி தையற்காரரின் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் எடை சரியாக இருந்தாலும் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது நல்லது. எண்கள் நினைவில் நிற்காதவர்களுக்கு ஒரு சுலபமான வழி: இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

சென்னை சொன்ன பாடம்

எடை குறையாவிட்டால் உடற்பயிற்சி வீண் என்று நினைப்பவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு நல்ல செய்தி இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு அது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண அறிவுரை மட்டும். மற்றொரு குழுவுக்கு நடை, உணவுக் கட்டுப்பாடு, தொடர்ந்த கண்காணிப்பு. மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவதற்கு இரண்டும்.

மூன்று ஆண்டுகளில் முதல் குழுவில் 55 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவிகிதம்தான். மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. பழக்கத்தை மாற்றிய குழுவினரின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை என்பதுதான் இதில் ஆச்சரியம். எடை மெஷினின் முள் அசையாதபோதும் உடலுக்குள் வேலை நடந்திருக்கிறது. நடக்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, இன்சுலினுக்கு உடல் ஒழுங்காகப் பதில் சொல்கிறது.

எடையும் சேர்ந்து குறைந்தால் பலன் இன்னும் பெரிது. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில் இலக்கு மிகச் சாதாரணமானது: வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி, எடையில் 7 சதவிகிதக் குறைப்பு. 80 கிலோ ஆசாமி ஐந்தரை கிலோ குறைத்தால் போதும். அதற்கே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவிகிதம் குறைந்தது. கல்யாணப் போட்டோவில் இருந்ததைப் போல ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அவசரத்தின் பலன்

அவசரக்காரர்களுக்கும் பெங்களூரில் வழிகள் உண்டு. பழச்சாறு விரதம், பத்து நாள் முகாம், மாதம் பத்து கிலோ என்று கூவும் விளம்பரப் பலகைகள். முதல் வாரத்தில் குறைவதில் பெரும்பகுதி தண்ணீர். பிறகு தசையும் கரைகிறது. உடலோ பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துச் செலவைச் சுருக்கிக்கொள்கிறது.

இது எவ்வளவு பிடிவாதமான சுருக்கம் என்பதை 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எடை குறைப்புப் போட்டியாக நடந்த டி.வி. நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனால் அவர்களுடைய உடல், இருக்க வேண்டிய அளவை விட நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. எடை திரும்பி வந்துவிட்டது, எரிக்கும் சக்தி திரும்பவில்லை.

இப்போது ஊசியும் வந்துவிட்டது. மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் அறிமுகமாயின. பசியை அடக்கும் இந்த மருந்துகள் பெரும் பருமனாலும் அதன் நோய்களாலும் அவதிப்படுபவர்களுக்கு உண்மையான உதவி. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசி போட்டுக்கொண்டாலும் தட்டும் காலும் மாறித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்பதற்காக மருந்துக்கடைக்குப் போவது ஆபத்து.

களியில் மந்திரம் இல்லை

தட்டில் என்ன மாற்றுவது? பெங்களூரில் இந்தக் கேள்விக்கு முதலில் வரும் பதில் ராகி முத்தே. நம் ஊர்க் களிதான். பிரதமராக இருந்தபோதும் தேவகவுடா விடாத உணவு என்ற பெருமை அதற்கு உண்டு. ராகி நல்ல தானியம்தான். 100 கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம், அரிசியைப் போல நான்கு மடங்கு நார்ச்சத்து. ஆனால் கலோரியில் வித்தியாசம் சொற்பம். 100 கிராம் ராகி 320 கலோரி, பச்சரிசி 356. இரண்டு உருண்டை முத்தேயைக் கறிக்குழம்பில் முக்கி விழுங்கிவிட்டு, மேலே ஒரு தட்டு சோறும் சாப்பிட்டால் இளைக்க வழியில்லை. வயலில் நாள் முழுக்க உழைத்தவருக்கு ஏற்பட்ட சாப்பாடு அது. மென்பொருள் பூங்காவின் சுழல் நாற்காலி அதை எரிக்காது.

தானியத்தை மாற்றுவதை விட அதன் அளவைக் குறைப்பதே முக்கியம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும் இருக்கட்டும். கால் பங்கு சோறோ சப்பாத்தியோ முத்தேயோ. மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர். கர்நாடகத்துச் சமையலிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் சேர்ந்த கோசம்பரியை ராமநவமிக்கு மட்டும் செய்வானேன்? பல்யா என்கிற பொரியலும் கீரைச் சாறும் தினமும் வரலாமே.

பருப்பைப் பற்றி இன்னொன்று. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாடின் குழு இந்தியர்களிடமே சோதனை செய்து, லைசின் என்ற புரதக்கூறு உடலுக்குத் தினமும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வேண்டும் என்று கண்டது. 1985இல் உலக அமைப்புகள் நிர்ணயித்திருந்ததோ 12தான். அரிசியிலும் கோதுமையிலும் லைசின் குறைவு, பருப்பிலும் பாலிலும் தாராளம். தண்ணீராக ஓடும் சாம்பாரில் அது கிடைக்காது. புரதம் போதிய அளவு இருந்தால் வயிறும் நிறையும், எடை குறையும்போது தசையும் கரையாமல் தப்பிக்கும்.

எண்ணெயும் சர்க்கரையும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுபவை. நாளொன்றுக்கு ஒருவருக்கு 25 மில்லி என்று வைத்தால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் போதும். உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் தீர்கிறது என்று மளிகைச் சீட்டைப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு தேக்கரண்டி வீதம் மூன்று காபி குடித்தாலே அன்றைய கணக்கு முடிந்தது. அதற்குப் பின் தொட்ட மைசூர்பாகு எல்லாம் கடன்.

பெண்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. மிச்சம் வீணாகக் கூடாது என்று பாத்திரத்தில் ஒட்டியதையும் குழந்தை ஒதுக்கியதையும் சாப்பிட்டு முடிப்பது பெரும்பாலும் அவர்கள்தான். அலுவலகம் போகும் கணவருக்கு நடைப்பயிற்சிக்கு நேரம் கிடைக்கிறது, அந்த நேரத்தில் மனைவி டிபன் டப்பா கட்டுகிறார். எடை குறைப்பது குடும்பத்துக்கே பொதுவான வேலை என்று முடிவு செய்தால்தான் அவருக்கும் அரை மணி நேரம் மிஞ்சும். குண்டாக இருப்பவருக்குத் தனிச் சமையல் என்று ஆரம்பித்த வீடுகளில் அது ஒரு மாதம் தாண்டுவது அபூர்வம்.

நேரம் எங்கே?

'வெளிவட்டச் சாலையில் இரண்டு மணி நேரம் போகிறது, உடற்பயிற்சிக்கு எங்கே நேரம்?' என்பது பெங்களூரின் நியாயமான புலம்பல். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டிய கட்டாயமில்லை. 2011 முதல் ஓடும் மெட்ரோவில் போகிறவர்கள் நிலையம் வரை நடந்தால், நகரும் படிக்கட்டைத் தவிர்த்தால், பாதிக் கணக்கு வழியிலேயே முடியும். சாப்பிட்டபின் பத்து நிமிட நடை ரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும். பேசியபடி நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

நடை மட்டும் போதாது. தசை குறைந்த இந்திய உடலுக்கு வாரம் இரண்டு நாளாவது பளு தேவை. இரும்புத் தண்டுகள் இல்லாவிட்டால் பரவாயில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பதினைந்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கைவைத்துத் தண்டால், தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் போதும். யோகாசனம் மூட்டுக்கும் மனத்துக்கும் நல்லது. ஆனால் நிதானமான ஆசனங்கள் நடையை விடக் குறைவாகவே கலோரி எரிக்கும்.

தூக்கத்தையும் மறக்கக் கூடாது. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் இளைஞர்கள் நள்ளிரவில் சாப்பிட்டு, ஐந்து மணி நேரம் தூங்கி எழுகிறார்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும். அந்தப் பசியும் கீரையைத் தேடிப் போகாது.

எங்கே தொடங்குவது?

- முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். சாப்பிட்டதை, நொறுக்குத் தீனி உட்பட, ஒரு நோட்டில் எழுதுங்கள்.
- இடுப்பளவை மாதம் ஒருமுறை அளந்து குறியுங்கள். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை, அதே கிழமை, காலையில்.
- நாளுக்கு 500 கலோரி குறைந்தால் தொடக்கத்தில் வாரம் அரை கிலோ வரை குறையும். போகப் போக வேகம் தணியும். அது தோல்வியில்லை.
- காய்கறியில் தொடங்கி, பருப்பு அல்லது முட்டைக்குப் போய், கடைசியில் சோறு சாப்பிடுங்கள்.
- ஹோட்டலுக்குப் போவதும் வீட்டுக்கு வரவழைப்பதும் சேர்த்து வாரம் ஒருமுறை. எது, எப்போது என்பதைப் பசி வருமுன் முடிவு செய்யுங்கள்.
- சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் உணவையோ பயிற்சியையோ மாற்றக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

இதெல்லாம் புதிய ஞானம் இல்லை. அல்சூர் ஏரிக்கு அருகே 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் தினமும் தாண்டிப் போகிறார்கள். மருந்து என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் வள்ளுவர் பாதிக்கு மேற்பட்ட குறள்களைச் சாப்பிடும் அளவுக்கே ஒதுக்கியிருக்கிறார். முன்பு உண்டது செரித்ததா, பசி வந்ததா, அளவு தெரிந்ததா என்பதே அவர் கவலை.

பெங்களூர் ஹோட்டல்களிடமும் இதற்கு ஒரு வழி உண்டு. 'பை-டூ' என்றால் போதும், சர்வர் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பங்கிட்டுக் கொண்டுவந்து வைப்பார். யாரும் கஞ்சன் என்று நினைக்க மாட்டார்கள். ருசியும் போகாது, நட்பும் போகாது, பாதிச் சர்க்கரைதான் உள்ளே போகும். காபிக்கு இருக்கும் இந்தப் பழக்கம் தோசைக்கும் பிரியாணிக்கும் மைசூர்பாகுக்கும் பரவினால் பெங்களூரின் இடுப்பளவு தானாகக் குறையும்.